அப்பாவோட பொம்மை: லெகோவும் வளர்ந்தவர்களும்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் கண்ணாடி அலமாரி, அதற்குள்ளே ஒரு பெரிய லெகோ விண்கலம். நண்பரின் ஆறு வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். "தொடக்கூடாது அங்கிள், அது அப்பாவோட பொம்மை" என்று எச்சரிக்கையும் செய்தாள்.

குழந்தை தொடக்கூடாத பொம்மை ஒன்று எப்படி உருவானது? தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் தொடங்கிய நிறுவனம் லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம்தான் அந்தப் பெயர். இன்று நாம் பார்க்கும் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரினார்கள். அன்று செய்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். நம்ம மென்பொருள் பாஷையில் சொன்னால், அறுபது வருஷத்துக்கும் மேலான பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி! சின்ன வயதுப் பெட்டியை நாற்பது வயதில் எடுத்துப் புதுக் கட்டைகளோடு சேர்க்கலாம். பெரியவர்கள் திரும்பி வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர்களை முதலில் கம்பெனி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். 1995இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன், கணினியிலேயே லெகோ கட்டுவதற்கு எல்ட்ரா என்ற மென்பொருளை எழுதினார். 1997இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் வகுத்த கோப்பு வடிவம் ரசிகர்கள் கையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2000இல் பழைய கட்டைகளை உதிரியாக வாங்கி விற்கும் இணையச் சந்தையையும் ஒரு ரசிகரே தொடங்கினார். அதுதான் பிரிக்லிங்க்.

கம்பெனியை உலுக்கியது 1998இல் வந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் அதன் உள்கட்டமைப்பைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார். அதை வைத்து மற்றவர்கள் புது நிரல்மொழியும், தனி இயங்குதளமும் எழுதினார்கள். வழக்குப் போட்டிருக்கலாம், ஆனால் லெகோ போடவில்லை. மாறாக, உரிம விதிகளிலேயே மாற்றி எழுதும் உரிமையைச் சேர்த்தது. அடுத்த பதிப்பை வடிவமைக்க நான்கு ரசிகர்களை ரகசியமாகக் கூப்பிட்டது. அவர்கள் விமான டிக்கெட்டுக்குச் சொந்தக் காசு போட்டுக்கொண்டு பில்லுண்டுக்குப் போனார்கள்!

ஆனால் ஒரு பிரிவுக்கு வந்த புத்தி முழு கம்பெனிக்கும் வரவில்லை. 2004இல் சாம்பல், பழுப்பு நிறங்களைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். குழந்தைகளுக்கு அது பெரிய விஷயமில்லை. பல வருஷமாகக் கோட்டையும் விண்கலமும் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கோ, சேர்த்துவைத்த கட்டைகள் புதியவற்றோடு ஒட்டாமல் போயின. கட்டை பொருந்துகிறது, நிறம் பொருந்தவில்லை. பெரிய ரகளை ஆனது. அதே சமயம் கம்பெனி பெரும் நஷ்டத்திலும் தத்தளித்தது. நிறுவனரின் பேரன் ஒதுங்கிக்கொள்ள, 35 வயது யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைப் பொறுப்பேற்றார். 2005இல் ரசிகர்களோடு பேசுவதற்கென்றே தூதர் திட்டம் ஒன்று வந்தது.

அடுத்தது, ரசிகர்களில் ஒருவரையே வேலைக்கு எடுத்தார்கள். அமெரிக்கரான ஜேமி பெரார்ட் வடிவமைத்த 'கஃபே கார்னர்' 2007இல் வந்தது. 2,056 துண்டுகள் கொண்ட ஒரு தெருமுனைக் கட்டடம். பறக்காது, சுடாது, சும்மா அழகாக நிற்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்துத் தெருவாக நீட்டலாம். அந்த வரிசை இன்றும் ஓடுகிறது. அதே ஆண்டு வந்த 'மில்லேனியம் ஃபால்கன்' விண்கலத்தில் 5,195 துண்டுகள். 2017இல் அதன் புதிய பதிப்பில் 7,541. 2020இல் கறுப்புப் பெட்டியில் '18+' என்றே அச்சிட ஆரம்பித்தார்கள்.

ஆக, பெரியவர்கள் சந்தையை லெகோ உருவாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்க்கக் கம்பெனிக்குப் பத்து வருஷமும், மூழ்கும் பயமும் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. 2019இல் பிரிக்லிங்கை லெகோவே வாங்கிவிட்டது. ரசிகர்கள் கட்டிய சந்தைக்கு இப்போது கம்பெனிதான் முதலாளி. 2022 முடிவில் மைண்ட்ஸ்டார்ம்ஸை நிறுத்திவிட்டார்கள். பிரித்து மேயச் சொன்ன பொம்மை போய்விட்டது, அலமாரியில் வைக்கும் பொம்மை தங்கிவிட்டது.

நண்பருக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். கடைசியில், "அந்த விண்கலத்தைப் பிரிச்சு மககிட்ட கொடுப்பியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது கஷ்டம்டா" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "பரண்ல என்னோட பழைய பெட்டி ஒண்ணு இருக்கு. அத இறக்கித் தரேன்."