மாறொளி விண்மீனிலிருந்து குவேசார் வரை: ஓர் ஒப்பீட்டு முறையின் வரலாறு

1867இல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தென்வானில் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறொளி விண்மீனாக இதைக் கருதுகிறார்கள். சந்தேகத்துக்குரிய விண்மீனை அக்கம்பக்கத்து நிலையான விண்மீன்களோடு ஒப்பிடுவதே அக்கால மாறொளி ஆய்வின் அடிப்படை. இன்று தொலைதூர விண்மீன் மண்டலங்களின் பேரொளி மையங்களான குவேசார்களை ஆராய்வோர் கையாள்வதும் அதையேதான். கருவிகள் மாறின; தர்க்கம் மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு ஆய்வுகளுக்கும் உள்ள உறவுக்கு நல்ல சான்று பி.எல். லாசர்ட்டே. 1929இல் ஜெர்மானியர் குனோ ஹாஃப்மைஸ்டர் இதைச் சாதாரண மாறொளி விண்மீனாகவே பதிவு செய்தார். 1968இல்தான் ஒரு ரேடியோ மூலத்தோடு இது பொருந்துவது தெரிந்தது. பின்னர் இது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் கொந்தளிக்கும் மையம் என்பது உறுதியாயிற்று. 3சி 273 என்ற குவேசாரின் கதையும் இதைப் போன்றதே. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் செம்பெயர்ச்சியை அளந்து, அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டில் ஹார்லன் ஸ்மித்தும் டோரிட் ஹாஃப்லைட்டும் ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தகடுகளைப் புரட்டி, அதன் ஒளி பல பத்தாண்டுகளாகவே ஏறி இறங்கியதை வெளிக்கொணர்ந்தார்கள். யாரோ எதற்கோ எடுத்து வைத்த தகடுகள் அவை!

ஏற்ற இறக்கம் ஏன் முக்கியம்? ஒரு பொருளை ஒளி கடக்க ஆகும் நேரத்தைவிட விரைவாக அப்பொருள் முழுவதும் ஒருசேர மங்கவோ ஒளிரவோ இயலாது. ஒரே நாளில் ஒளி கணிசமாக மாறினால், ஒளிரும் பகுதி ஏறத்தாழ 2,600 கோடி கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். நெப்டியூன் சுற்றுப்பாதையின் குறுக்களவைப் போல் மூன்று மடங்குதான் அது. இத்தனை சிறிய இடத்திலிருந்து ஒரு விண்மீன் மண்டலத்தையே விஞ்சும் ஒளி வருவதற்கு, பெருங்கருந்துளையில் விழும் பொருளைத் தவிர வேறு பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை. பி.எல். லாசர்ட்டே போன்ற பிளேசார்களில் மட்டும் இக்கணக்கைத் திருத்த வேண்டும். அவற்றின் மையத்திலிருந்து வெளிப்படும் பீச்சு ஏறக்குறைய ஒளிவேகத்தில் நம்மை நோக்கிப் பாய்வதால், மாற்றம் உண்மையைவிட விரைவாகத் தோன்றும்.

நிமிடங்களிலும் மணிகளிலும் நிகழும் சிறு மாற்றங்களை 1960களிலேயே சிலர் அறிவித்தனர், பலர் நம்பவில்லை. அன்றைய ஒளிமின் அளவி ஒரு நேரத்தில் ஒரு விண்மீனையே அளக்கும். இடையில் மெல்லிய மேகம் கடந்தால், மங்கியது குவேசாரா வானமா என்று எப்படிச் சொல்வது? சிசிடி என்ற மின்னணுப் படக்கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குவேசாரும் ஒப்பீட்டு விண்மீன்களும் ஒரே படத்தில் பதிவாவதால், மேகம் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்கச் செய்யும், அவற்றுக்கிடையிலான வேறுபாடு பாதிக்கப்படாது. 1989இல் மில்லர், கரினி, குட்ரிச் மூவரும் பி.எல். லாசர்ட்டேயில் இத்தகைய விரைவான சிறு மாற்றங்களை நிறுவினர்.

இந்தியப் பங்களிப்பு இங்குதான் கனமானது. கோபால் கிருஷ்ணா, ராம் சாகர், பால் வீட்டா ஆகியோர் 1990களில், ரேடியோ உமிழ்வு குன்றிய குவேசார்களும் ஓரிரவுக்குள் மாறுகின்றனவா என்று தேடினர். பின்னர் சி.எஸ். ஸ்டாலினும் சேர்ந்தார். நைனிடாலின் 104 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஒரே இலக்கை இரவில் பல மணி நேரம் தொடர்ந்தார்கள். ஒப்பீட்டு விண்மீன்கள் ஒன்றுக்கொன்று மாறாமல் நிற்க, குவேசார் மட்டும் அசைந்தால்தான் மாற்றம் என ஏற்றனர். பிளேசார்கள் அடிக்கடியும் மற்றவை அரிதாகவும் சிறிதாகவும் மாறுவதை அவர்கள் தரவு காட்டியது. சிறு கருவியில் பொறுமையால் விளைந்த இந்தப் பணி, பெருந்தொலைநோக்கிகளின் பல முடிவுகளைவிட நிலைத்த மதிப்புடையது என்பேன்.

தமிழகத்தில் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கி பிளேசார் கண்காணிப்பில் பங்கேற்கிறது. ஐரோப்பாவில் இன்னும் பகலாக இருக்கும்போதே இங்கே இரவு தொடங்கிவிடுவதால், உலகக் கண்காணிப்புச் சங்கிலியில் இந்தியக் கண்ணி தேவைப்படுகிறது.

பெரிய ஆய்வகம் இல்லாத இடத்திலும் இப்பணி இயலும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மலையும் இல்லை, ஆய்வகமும் இல்லை. ஆனால் அது 9.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், 3சி 273 ஏப்ரல் இரவுகளில் ஏறக்குறைய உச்சிக்கே வரும். அதன் ஒளித்தரம் 13ஐ ஒட்டியது. ஊர் விளக்கொளி எட்டாத காட்டில் 10 அங்குலத் தொலைநோக்கியும் சிறு சிசிடியும் அதற்குப் போதும். மாறொளி நோக்கர்களுக்கான அமெரிக்கக் கழகம் ஆர்வலர்களின் அளவீடுகளையும் ஏற்கிறது. அவ்வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இப்பணியைக் கையிலெடுக்க வேண்டும்.