வேட்டைத் துப்பாக்கியும் வான்பயணமும்

வேட்டைக்காக வெளிநாடு செல்பவர் தம் சொந்தத் துப்பாக்கியைப் பயணிகள் விமானத்தில் கொண்டு செல்வது இன்றும் பல நாடுகளில் சட்டப்படி இயலும் செயலே. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அது கப்பலில் இன்னொரு பெட்டியை ஏற்றுவது போன்ற எளிய காரியமாக இருந்தது. இன்று பல அரசுகளின் ஒப்புதல் அதற்குத் தேவைப்படுகிறது. விமான நிறுவனம் கேட்கும் கட்டணம் இதில் சிறு பகுதிதான். எந்த நிறுவனத்தில் செல்வது என்பதைப் பயணச்சீட்டின் விலையைவிட, விமானம் எந்த மண்ணில் இறங்கி ஏறுகிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. இந்நிலை உருவான விதத்தை அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற வேட்டைப் பயணங்களின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

கப்பலும் சுமைதூக்கியும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகிய சில வாரங்களில், 1909 மார்ச் 23 அன்று, தியோடர் ரூசவெல்ட் நியூயார்க் துறைமுகத்திலிருந்து கிழக்காப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு விலங்கு மாதிரிகள் சேகரிப்பது பயணத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அவருடைய துப்பாக்கிகளில் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு, ஒரு 405 வின்செஸ்டர், இங்கிலாந்து நண்பர்கள் பரிசளித்த ஹாலந்து அண்டு ஹாலந்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஆகியவை இருந்தன. தோல்களைப் பதப்படுத்த எடுத்துச் சென்ற உப்பு மட்டும் 4 டன். ஏப்ரல் 21-இல் அவர் மொம்பாசாவில் இறங்கினார்.

அக்காலத்தில் பெரிய செலவு துப்பாக்கியைக் கொண்டு செல்வதில் இல்லை. வேட்டை உரிமத்துக்கு ஆங்கிலேய நிர்வாகம் 50 பவுன் வசூலித்தது. கப்பலில் எடை ஒரு தடையாகவே இல்லை. கரையிறங்கிய பிறகுதான் எடைக் கணக்கு தொடங்கியது. கிழக்காப்பிரிக்க வழக்கப்படி ஒரு சுமைதூக்கி தலையில் சுமக்க வேண்டியது 60 பவுண்டு, ஏறத்தாழ 27 கிலோ. கூடாரம், உணவு, தோட்டாப் பெட்டி எல்லாம் இந்த அளவுக்கே பிரித்துக் கட்டப்பட்டன. துப்பாக்கி கூடினால் கூலியாட்கள் கூடுவார்கள். ரூசவெல்ட்டின் அணியில் 200-க்கும் மேற்பட்டோர் சுமந்தார்கள். பிற்கால விமானப் பயணி கட்டிய கூடுதல் எடைக் கட்டணத்துக்கு முன்னோடி இந்தத் தலைச்சுமைக் கணக்குதான் என்று சொல்வது மிகையாகாது. சுமந்தவர்களின் பெயர்களைப் பயண நூல்கள் அரிதாகவே பதிவு செய்துள்ளன.

எடைக்கு விலை

இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1931-இல் லண்டனிலிருந்து கிழக்காப்பிரிக்காவுக்கு வான்வழிச் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது கேப் டவுன் வரை நீண்டது. அந்தச் சிறு விமானங்களில் பெட்டியோடு பயணியையும் சேர்த்தே எடை போட்டார்கள். பருத்த உடலும் கனத்த துப்பாக்கியும் உள்ளவருக்கு அது தோதான வாகனமன்று. செல்வந்தர்கள் பலர் தொடர்ந்து கப்பலிலேயே சென்றார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலை மாறியது. 1952 மே 2 அன்று பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் 36 இருக்கைகளுடன் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டது. பல வாரக் கடற்பயணம் ஒரு நாளாகச் சுருங்கியது. அத்தோடு எடையும் சுருங்க வேண்டியிருந்தது. பன்னாட்டு விமான நிறுவனங்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட முறைப்படி, சாதாரண வகுப்பில் 20 கிலோவும் முதல் வகுப்பில் 30 கிலோவும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் வகுப்பு ஒருவழிக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு வேட்டைக்காரரை எப்படித் தாக்கும் என்பதைப் பார்க்கலாம். தொலைநோக்கி பொருத்திய ஒரு ரைபிள் 4 கிலோ, அதன் கெட்டிப் பெட்டி 5 கிலோ, தோட்டாக்கள் 5 கிலோ எனக் கொண்டால் 14 கிலோ ஆகிவிடும். துணிமணிகளுக்கு மிஞ்சுவது 6 கிலோ. யானைக்கென்று இன்னொரு கனத்த துப்பாக்கி எடுத்தால், நெடுந்தொலைவுப் பயணத்தில் ஒவ்வொரு கிலோவும் கையைக் கடிக்கும். இரண்டாகக் கழற்றிச் சிறு பெட்டியில் அடக்கக்கூடிய துப்பாக்கிகளுக்கு இதனால் மதிப்புக் கூடியது. 1993-இல் வெளிவந்த ஜெர்மானிய பிளேசர் ஆர் 93 ரைபிளில் ஒரே கட்டைக்கு வெவ்வேறு குழல்களை மாற்றிப் பொருத்தலாம். பயணம் செய்யும் வேட்டைக்காரர்களிடையே அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெட் யுகத்தின் தொடக்கத்தில் இந்தியாவும் இவ்வரைபடத்தில் இருந்தது. புலி வேட்டைக்கு அமெரிக்கப் பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் நடு இந்தியாவில் இயங்கின. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தொழிலையே முடித்து வைத்தது.

பெட்டி ஆயுதமான காலம்

துப்பாக்கியை வெறும் எடையாக மட்டும் பார்த்த காலம் 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. சட்டத்தின் வித்து அதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 35-ஆம் பிரிவு, ஒரு நாட்டின் அனுமதியின்றி அதன் நிலத்துக்குள்ளோ வானத்திலோ போர்த்தளவாடங்களை விமானத்தில் கொண்டு செல்லக்கூடாது என்கிறது. எது போர்த்தளவாடம் என்பதை அந்தந்த நாடே வகுத்துக்கொள்ளலாம். வேட்டைத் துப்பாக்கியை விளையாட்டுக் கருவியாகப் பார்ப்பதா, ஆயுதமாகப் பார்ப்பதா என்ற முடிவு இவ்வாறு ஒவ்வொரு நாட்டின் கையிலும் விடப்பட்டது. இன்றைய குழப்பங்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் உள்ளது.

1968 முதல் 1972 வரை 130-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் கடத்தப்பட்டன. அதுவரை அங்கு எல்லாப் பயணிகளையும் சோதிக்கும் விதி இருக்கவில்லை. 1973 ஜனவரி 5 முதல் ஒவ்வொரு பயணியும் அவர் கையில் உள்ள பையும் சோதிக்கப்பட்டனர். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 1974-இல் பாதுகாப்பு பற்றிய 17-ஆம் இணைப்பை ஏற்றது. தோட்டாக்கள் ஆபத்தான சரக்கு என்ற வகையில் தனி விதிகளுக்குள் வந்தன. விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குப் பெட்டி எடையும் சேர்த்து 5 கிலோ வரை பதிவுப் பெட்டியில் வைக்கலாம். வெடிக்கும் அல்லது தீப்பற்றவைக்கும் முனை கொண்ட தோட்டாக்களுக்கு இடமில்லை. கணவன், மனைவி இருவரின் 5 கிலோக்களை ஒரே பொதியாகக் கட்டவும் கூடாது. அமெரிக்க விதிப்படி துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, கடினமான பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும்போதே அறிவிக்க வேண்டும். சாவி பயணியிடம்தான் இருக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் பயணத்தின் திசையும் மாறியது. தான்சானியா 1973 முதல் 1978 வரை வேட்டையை நிறுத்தியது. கென்யா 1977 மே மாதத்தில் முற்றிலும் தடை செய்தது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. நைரோபியை நோக்கிப் பறந்த துப்பாக்கிப் பெட்டிகள் தெற்கே ஜோகன்னஸ்பர்க்கை நோக்கித் திரும்பின.

ஒரு சுங்கப் படிவத்தின் கதை

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு வேட்டைக்காரர் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்னும் காவல்துறைப் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். வேட்டை ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு, துப்பாக்கி தமக்கே உரியது என்பதற்கான சான்று ஆகியவை உடன் இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் துப்பாக்கிப் பெட்டி மற்றப் பெட்டிகளோடு சுழல்பட்டையில் வராது. அதைக் காவல்துறை அலுவலகத்தில்தான் பெற வேண்டும்.

உரிமைச் சான்று என்பது அமெரிக்கருக்கு விநோதமான சிக்கல். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான துப்பாக்கி உரிமமோ பதிவேடோ இல்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், 4457 என்ற எண்ணுள்ள சுங்கப் படிவம் கைகொடுத்தது. அது ஆயுதத்துக்காக உருவானதே அன்று. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் கேமராவையோ கைக்கடிகாரத்தையோ திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதாக எண்ணி வரி போட்டுவிடக் கூடாது என்பதற்காகப் புறப்படும் முன் பதிந்துகொள்ளும் தாள். பயணி துப்பாக்கியைச் சுங்க அலுவலகத்துக்கு எடுத்துச் செல்கிறார். அதிகாரி வரிசை எண்ணைச் சரிபார்த்து முத்திரை இடுகிறார். தாளைப் பயணியிடமே கொடுத்துவிடுகிறார். அந்தத் தாளைத்தான் தென்னாப்பிரிக்கக் காவல்துறை ஏறத்தாழ உரிமம் போல ஏற்றுக்கொண்டது.

இதிலும் ஒரு சங்கடம் முளைத்தது. அமெரிக்க அரசுப் படிவங்களின் மூலையில், அந்த அச்சுப் படிவம் எதுவரை புழக்கத்தில் இருக்கலாம் என்று ஒரு தேதி அச்சிடப்படும். அதைத் துப்பாக்கி உரிமம் முடியும் நாள் என்று வெளிநாட்டு அதிகாரிகள் கொள்ள நேர்ந்தது. தேதி கடந்த தாளை வைத்திருந்தவர்கள் பழைய தாளைப் போட்டுவிட்டுப் புதிய முத்திரை வாங்குமாறு அறிவுறுத்தப்பட்டார்கள். உரிமம் இல்லாத நாட்டின் குடிமகன், உரிமம் கேட்கும் நாட்டின் வாசலில், வரி விலக்குத் தாளை நீட்டி நிற்கிறார். பன்னாட்டுச் சட்டங்களின் ஒட்டுப்போட்ட தன்மைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கட்டணமும் வழியும்

2008-இல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் உள்நாட்டுப் பயணிகளிடம் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்கத் தொடங்கியது. மற்றப் பெரிய நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாகத் துப்பாக்கிப் பெட்டியை மற்றொரு பதிவுப் பெட்டியாகவே எண்ணுகின்றன. எடையும் எண்ணிக்கையும் வரம்புக்குள் இருந்தால் தனிக்கட்டணம் இல்லை. ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றில் துப்பாக்கிக்கென்று ஒவ்வொரு வழிக்கும் தனித்தொகை உண்டு. முன்கூட்டியே பதிவும் செய்ய வேண்டும். ஒரே பயணத்தில் இரு நிறுவனங்கள் சேர்ந்தால் ஒன்று ஏற்றதை மற்றொன்று மறுக்கலாம்.

ஆனால் கட்டண வேறுபாட்டைவிட இடைமாறும் நாடே பெரிய செலவு. ஐரோப்பிய ஒன்றியம் 1991-ஆம் ஆண்டின் நெறிமுறை வழியாக ஐரோப்பியத் துப்பாக்கிக் கடவுச்சீட்டை உருவாக்கியது. ஒன்றியத்து வேட்டைக்காரர் அதைக் கொண்டு எல்லைகளைக் கடக்கிறார். அமெரிக்கருக்கோ இந்தியருக்கோ அது கிடைக்காது. இடைமாறும் நாட்டின் விதிகளை அவர் தனியே நிறைவு செய்தாக வேண்டும். பயணச்சீட்டில் மிச்சம் பிடித்த தொகை, விடுபட்ட ஓர் அனுமதித் தாளால் கரைந்துபோகும்.

உள்நாட்டிலேயே இடறல் உண்டு என்பதற்கு 2005-ஆம் ஆண்டு நியூவர்க் விமான நிலையத்தில் நடந்தது சான்று. யூட்டா மாநிலப் பயணி ஒருவர், வேட்டைக்காரர் அல்லர், பூட்டிய பெட்டியில் கைத்துப்பாக்கியை முறைப்படி அறிவித்துப் புறப்பட்டார். நியூவர்க்கில் இணைப்பைத் தவறவிட்டுப் பெட்டியோடு ஓர் இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை மீண்டும் முறைப்படி அறிவித்தபோது, நியூ ஜெர்சி மாநிலச் சட்டப்படி கைது செய்யப்பட்டுச் சில நாட்கள் சிறையிலும் இருந்தார். குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழிப்பயணத்தில் துப்பாக்கிக்குப் பாதுகாப்புத் தரும் 1986-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், விடுதியில் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்த அந்த இரவுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். அட்லாண்டாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் நேரடி விமானம் விலை கூடினாலும் வேட்டைக்காரர்களை ஈர்ப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

துப்பாக்கி போகலாம், தோல் வரக்கூடாது

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்காணித்துவந்த செசில் என்னும் சிங்கம் ஓர் அமெரிக்கரால் கொல்லப்பட்டது. உலகெங்கும் எழுந்த சினம் விமான நிறுவனங்கள் மீது திரும்பியது. ஆகஸ்ட் 3 அன்று டெல்டா நிறுவனம் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றின் வேட்டைச் சின்னங்களை ஏற்ற மறுத்தது. அமெரிக்காவின் வேறு பெரிய நிறுவனங்களும் உடனே இதே வழியில் சென்றன. எமிரேட்ஸ் அதே ஆண்டு மே மாதத்திலேயே இவ்வகைத் தடையை அறிவித்திருந்தது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் மட்டும் ஏப்ரலில் விதித்த தடையை ஜூலையில் விலக்கிக்கொண்டது.

செசில் மீது முதலில் பாய்ந்தது துப்பாக்கிக் குண்டன்று, அம்பு. எனினும் வில்லோ துப்பாக்கியோ டெல்டாவின் அத்தடைக்குள் வரவில்லை. வேட்டைச் சின்னம் பெரும்பாலும் பயணியோடு வருவதில்லை. பதப்படுத்திப் பல மாதங்கள் கழித்துச் சரக்காக வருவது. எனவே தடை சரக்குப் பிரிவைத் தொட்டது, பயணப் பெட்டியைத் தொடவில்லை. யானையைச் சுடச் செல்லும் ரைபிளை ஏற்றிச் செல்லும் விமானம் அதே யானையின் தந்தத்தை ஏற்றாது. விலங்குப் பாதுகாப்பாளர்கள் இதை அரைகுறை நடவடிக்கை என்றார்கள். வேட்டை ஆதரவாளர்கள் சட்டப்படி கிடைத்ததை மறுப்பது அநீதி என்றார்கள். தந்தம் கப்பலேறியது.

இத்தனை தாள்களையும் தவிர்க்க விரும்புவோர் வேட்டை ஏற்பாட்டாளரிடமே நாள்வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துக்கொள்கிறார்கள். பழகிய ஆயுதம் கையில் இல்லாததால் குறி தவறும் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். காயம்பட்ட எருமையைப் புதருக்குள் தேடிச் செல்ல நேர்ந்தவர்கள் அதை எளிதாகத் தள்ளுவதில்லை. இருந்தும், ஓரிரு நாடுகளில் இடைமாறிச் செல்ல வேண்டியவர்களில் பலர் இப்போது வெறுங்கையோடு விமானமேறி, வேட்டை முகாமில் காத்திருக்கும் ரைபிளை முதல் நாள் காலையில் ஒரு காகித இலக்கின் மீது சுட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.