அன்னை மரியா இளைப்பாறிய பாறை

எருசலேமிலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியில், மார் எலியாஸ் துறவுமடத்திற்கு அருகே, 1992ஆம் ஆண்டு சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. அப்போது பழைய கட்டடம் ஒன்றின் எச்சங்கள் தென்பட்டன. தொல்லியலாளர் ரினா அவ்னர் தலைமையில் 1990களின் இறுதியில் அகழாய்வு தொடர்ந்தபோது, பெரியதோர் எண்கோண ஆலயம் வெளிப்பட்டது. அதன் நடுவே பீடம் இல்லை. செதுக்கப்படாத ஒரு பாறை இருந்தது!

இதுவே 'கத்திஸ்மா' ஆலயம். கிரேக்கத்தில் இச்சொல்லுக்கு 'இருக்கை' என்று பொருள். நிறைமாதக் கர்ப்பிணியான மரியா பெத்லகேமுக்குப் போகும் வழியில், கழுதையிலிருந்து தம்மை இறக்கிவிடும்படி யோசேப்பிடம் கேட்டதாக இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபு நற்செய்தி' கூறுகிறது. இது திருவிவிலியத்தில் சேராத நூல் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். லூக்கா நற்செய்தியில் பயணம் உண்டு, பாறை இல்லை. மரியா இங்குதான் அமர்ந்தார் என்று எந்த அகழாய்வும் நிரூபிக்க முடியாது. ஆனால் 5ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அதை எவ்வளவு ஆழமாக நம்பினார்கள் என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி. ஒன்றனுள் ஒன்றாக மூன்று எண்கோணங்கள். மக்கள் பாறையைச் சுற்றி வருவதற்கு நடைவழி. கிழக்கே திருப்பலிக்கான பகுதி. வெளி அளவு ஏறக்குறைய 52க்கு 43 மீட்டர்.

எருசலேமின் ஆயராக யுவெனால் இருந்த காலத்தில், இக்கெலியா என்னும் செல்வமிக்க கைம்பெண் இதைக் கட்டினார் என்று 6ஆம் நூற்றாண்டுத் துறவி சிரில் எழுதியுள்ளார். ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவை மெழுகுதிரிகளுடன் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கியவரும் இவரே என்கிறார் அவர். பிப்ரவரி 2 அன்று நம் கையில் எரியும் திரிக்கு இப்படியும் ஒரு வரலாறு!

இன்னொன்றும் உண்டு. அர்மீனிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள எருசலேமின் பழைய வாசக நூல், ஆகஸ்ட் 15 அன்று இறைவனின் தாயின் விழாவைப் பெத்லகேமிலிருந்து மூன்றாம் மைலில் கொண்டாடும்படி குறிப்பிடுகிறது. அந்த இடம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அன்று அது விண்ணேற்பு விழாவாக இருக்கவில்லை. இறைத்தாய்மையைப் போற்றும் நாளாக இருந்தது. பின்னரே கெத்சமனியிலுள்ள மரியாவின் கல்லறையோடும் அவரது விண்ணக வாழ்வோடும் அந்நாள் இணைந்தது.

8ஆம் நூற்றாண்டில் இதன் தென்சுவரில் முஸ்லிம்கள் தொழுகைத் திசை காட்டும் மாடம் அமைத்தார்கள். அக்காலத் தரையில், குலை தள்ளிய பேரீச்ச மரம் ஒன்று வண்ணக்கற்களால் பதிக்கப்பட்டுள்ளது. பிரசவ வேதனையில் மரியம் பேரீச்ச மரத்தடியில் ஆறுதல் பெற்றதைக் குர்ஆனின் 19ஆம் அதிகாரம் சொல்வதை இங்கே குறிப்பிடலாம். எருசலேமில் பாறையை நடுவில் கொண்ட எண்கோணக் குவிமாடத்திற்கும் இவ்வாலயமே முன்மாதிரி எனச் சில அறிஞர் கருதுகின்றனர்.

வண்ணக்கல் தரைகளைப் பாதுகாப்பதற்காக மீண்டும் மண்ணால் மூடிவிட்டார்கள். புனித நாட்டுக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர்கள் பலர் இவ்வழியே பெத்லகேமுக்கு விரைகிறார்கள். வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், சாலையோரத்து ஒலிவ மரங்களுக்கிடையே சற்று நேரம் இறங்கி அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.