சரித்திரம் பயில்வது எதற்கு?



பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்ற பேச்சு எழும்போது, பிற மாநிலங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் சரித்திரத்தை முதலில் சொல்வோர் அரியர். பொறியியல் கிடைத்தால் பொறியியல், அன்றேல் வணிகவியல், இரண்டும் கிட்டாவிடில் சரித்திரம் என்பதே வழக்கமாகிவிட்டது. ஊரை விட்டு வந்தவர்கள் பிழைப்பை முதலில் எண்ணுவது இயல்பே. அதைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், அவ்வாறு வந்தவர்களின் மக்களுக்கே சரித்திரக் கல்வி மிகுதியும் பயன்படும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணத்தைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் சிலவற்றைக் கொண்டும், டில்லி மாநகரில் நம்மவர் வாழ்ந்த ஓர் இடத்தைக் கொண்டும் இன்று கூற விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் என்பது பெரும்பாலும் அரசர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் நெட்டுருச் செய்வதாக முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் அதே பாடம் வேறு முகம் காட்டுகிறது. அங்கே மாணவன் முன் வைக்கப்படுவன கல்வெட்டு, செப்பேடு, நாணயம், யாத்திரிகர் குறிப்பு, நிலவரிக் கணக்கு, அரசாங்கக் கோப்பு ஆகியன. இவை சான்றுகள். இச்சான்றை எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவதே சரித்திரப் பட்டப்படிப்பின் உயிர். ஆண்டும் பெயரும் மறந்து போகலாம். இப்பழக்கம் ஒருமுறை படிந்தால் போவதில்லை.

நாமனைவரும் அறிந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, குடவோலை முறையில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த விதிகளைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்தனர். கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவரை மட்டுமின்றி அவருடைய உறவினரையும் விலக்கினர். மேடைகளில் நாம் பெருமையுடன் எடுத்துரைப்பது இப்பகுதியையே. அப்பெருமை தக்கதே.

சரித்திர மாணவனோ அடுத்த வரிகளையும் படிக்கிறான். ஓலையில் பெயர் எழுதப்பெறுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். அவ்வூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்நிலங்களில் உழுதவர், ஏரியில் மண் எடுத்தவர், பிறர் மனையில் குடிசை போட்டு வாழ்ந்தவர் ஆகியோருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அவர்கள் அங்கு வாழ்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. கல்வெட்டில் மட்டும் அவர்கள் இல்லை. பதிவில் இல்லாமை வேறு, இல்லாமை வேறு என்னும் இந்த வேறுபாட்டை உணர்வதே சரித்திரப் பயிற்சியின் முதற் பாடம்.

ஒரே சான்று புதிய கேள்விக்குப் புதிய விடை தரும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் சரித்திரப் பேராசிரியராக விளங்கிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், கல்வெட்டுகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, சோழர் வரலாற்றை 1935லும் 1937லும் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் 1960களில் ஜப்பானிலிருந்து சென்னைக்கு வந்து தமிழும் கல்வெட்டியலும் பயின்றார் நொபோரு கராஷிமா. அவர் திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர் காலத்து ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் பொது உடைமையாகவும் இருந்ததை எடுத்துக்காட்டினார். இந்தியக் கிராமங்கள் யாவும் ஒரே வார்ப்பின, காலங்காலமாக மாறாதன என்ற பழைய கருத்து அதனால் ஆட்டங்கண்டது. கடல் கடந்து வந்த ஒருவர் தமிழைக் கற்றுச் செய்த பணி இது. தமிழைத் தாய்ப்பாலோடு பருகிய நம் பிள்ளைகள் அத்துறையை ஏறெடுத்தும் பாராதிருப்பது வருந்தத்தக்கதன்றோ?

இனி டில்லிக்கு வருவோம். நிஜாமுத்தீன் ரயில் நிலையத்திற்கு அணித்தாக, ஜங்புரா பகுதியில், பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அமைத்துக்கொண்ட இடம் அது. ஆடவர் கூலிவேலையும் வாகனம் ஓட்டுதலும் செய்தனர். பெண்டிர் பலர் அண்மையிலுள்ள வீடுகளில் வேலை செய்தனர். குழந்தைகள் டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்தனர். அக்குடியிருப்பின் பெயரே ஒரு சான்று. தென்னாட்டார் அனைவரையும் மதராசி என்று வடக்கே அழைக்கும் வழக்கம் பழைய சென்னை மாகாணத்தின் எச்சம். 1969ஆம் ஆண்டு மாநிலம் தமிழ்நாடு என்ற பெயர் பெற்றது. 1996இல் நகரின் ஆங்கிலப் பெயரும் சென்னை ஆயிற்று. டில்லியின் வடிகாற்கரையில் மட்டும் மாகாணத்தின் பெயர் நிலைத்து நின்றது.

வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கிறது என்பதால், அதைச் சீர்செய்யும் பொருட்டு இக்குடியிருப்பை அகற்றுமாறு டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஆணையிட்டது. ஜூன் 1ஆம் நாள் வீடுகள் இடிக்கப்பட்டன. சுமார் 370 வீடுகள் இருந்த இடத்தில், 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையன என அப்போது செய்திகள் கூறின. நரேலா நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. டில்லியின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கைப்படி, குறிப்பிட்ட தேதிக்கு முன்பே அங்கே வசித்ததை வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை போன்ற ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். ஒரே சந்தில் பல்லாண்டு வாழ்ந்த இரு குடும்பங்களில் ஒன்று தகுதி பெறுவதும் மற்றொன்று பெறாமற் போவதும் காகிதத்தைப் பொறுத்ததாயிற்று.

வடிகால் தூர்வாரப்பட வேண்டியதை மறுப்பார் இல்லை. தகுதியை ஏதேனும் ஒரு சான்றைக் கொண்டே அரசாங்கம் அளக்க முடியும் என்பதும் உண்மை. அரசு ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒன்று தெரியும்: ஆவணம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கே விடை சொல்லும், அதன் கட்டத்துக்குள் அடங்காத வாழ்க்கையை அது அறியாது. உத்தரமேரூரில் சொந்த மனை இல்லாதவர் ஓலையில் ஏறாதது போலவே, இங்கும் உரிய தாள் இல்லாதவர் பட்டியலில் ஏறவில்லை. அதே வடிகாலின் மேல் நிற்கும் பழைய பாலத்தை ஜஹாங்கீர் காலத்து அரண்மனை அதிகாரி மிஹ்ர் பானு ஆகா கட்டுவித்தார் என்பது பதிவாகியிருக்கிறது. அதற்குக் கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை.

இத்தகையோரின் வரலாற்றை எழுத முடியாதா? முடியும் என்பதைச் சென்ற அறுபது ஆண்டுகளின் சரித்திரக் கல்வி காட்டியுள்ளது. இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கம் உருவான வரலாற்றை ஈ. பி. தாம்ஸன் 1963இல் எழுதினார். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் இடம்பெயர்ந்தோரின் அனுபவங்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் திரட்டி, டில்லியைச் சேர்ந்த ஊர்வசி புட்டாலியா 1998இல் நூலாக்கினார். கோப்புகள் சொல்லாதவற்றை மனிதர் சொன்னார்கள். மதராசி கேம்பைப் பற்றியும் அவ்வாறு எழுத இன்னும் காலம் கடந்துவிடவில்லை. முதலில் வந்து குடியேறியவர்களுள் முதியோர் சிலரேனும் இருப்பர். பழைய குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம், திருமண அழைப்பிதழ், பணவிடை அனுப்பிய ரசீது ஆகியவை பெட்டியடியில் கிடக்கும். அவற்றைப் படித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நினைவில் எது பிறழ்ந்தது, தாளில் எது விடுபட்டது என்று எடைபோடப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தமிழும் இந்தியும் அறிந்த, அங்கேயே வளர்ந்த மாணவியைவிட இப்பணிக்குத் தகுந்தவர் யார்?

படிப்பதற்கு வழியும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் வாயிலாக நடைபெறுகிறது. சரித்திரத்தை முதன்மைப் பாடமாகக் கொள்வோர் சான்றுகளோடு நீண்ட காலம் பழகலாம். அரசியலையோ பொருளாதாரத்தையோ இலக்கியத்தையோ முதன்மையாகக் கொள்வோர் சரித்திரத்தைத் துணைப் பாடமாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதனைச் சார்புப் பாடம் என்பர். பகலில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, 1962இல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கிய டில்லிப் பல்கலைக்கழகத் திறந்தநிலைக் கல்விப் பள்ளியும், 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஜன்பத் சாலையில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தமிழ்ச் சான்றுகளை ஆராய்ந்து தென்னிந்திய நகரங்களின் வரலாற்றை எழுதிய ஆர். சம்பகலட்சுமி அம்மையார் பேராசிரியராக விளங்கியதும் டில்லியிலுள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலேதான்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பட்டம் பெற்ற மறுநாளே பொறியாளருக்குரிய சம்பளம் வருமென்று நான் ஆசை காட்ட மாட்டேன். பி.எட். முடித்தால் ஆசிரியப் பணி உண்டு. தொல்லியல், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் ஆகிய துறைகளில் மேற்படிப்புடன் இடம் உண்டு. குடிமைப் பணித் தேர்வில் சரித்திரம் பெரிதும் உதவும். சட்டம் பயில்வோர்க்கும் பத்திரிகைத் துறை செல்வோர்க்கும் சான்றை எடைபோடும் பழக்கம் நல்ல மூலதனம்.

இதற்கும் மேலான பயன் ஒன்று உண்டு. அயலூரில் வாழ்பவனை நோக்கி, நீ எப்பொழுது வந்தாய், எதைக் கொண்டு மெய்ப்பிக்கிறாய் என்ற கேள்வி எந்நாளும் எழக்கூடும். அதற்கு விடை சொல்லவும், அக்கேள்வியையே ஆராயவும் வல்லவர் ஒவ்வொரு தமிழ்க் குடியிருப்பிலும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆகவே நேயர்களே, உங்கள் மகனோ மகளோ சரித்திரம் படிக்க விரும்புவதாகக் கூறினால் தடுக்காதீர்கள். அத்துடன், வீட்டிலுள்ள பழைய காகிதங்களையும் எடைக்குப் போட்டுவிடாமல் அவர்கள் கையில் கொடுங்கள்.