வடிதாளில் பிறந்த தனிமம்

பசிபிக் கடலில், எனிவெட்டாக் பவளத்தீவுக் கூட்டத்தில் எலுகெலாப் என்றொரு சின்னத் தீவு இருந்தது. 1952 நவம்பர் 1 காலையோடு அது இல்லாமல் போனது. அமெரிக்கா அங்கே வெடித்த 'மைக்' என்ற ஹைட்ரஜன் குண்டின் வலு 10.4 மெகாடன்.

எழும்பிய மேகத்துக்குள் எஃப்-84 விமானங்கள் நுழைந்தன. இறக்கைகளில் வடிதாள் பொருத்தியிருந்தார்கள், தூசியைப் பிடித்துவர. வெடித்த குண்டில் மிஞ்சுவது அது ஒன்றுதான். அதில் எந்த ஐசோடோப் எவ்வளவு என்று அளந்தால் உள்ளே நடந்ததைப் படித்துவிடலாம். விமானிகளில் ஜிம்மி ராபின்சன் மட்டும் திரும்பவில்லை. மேகத்தைவிட்டு வெளியே வந்தும், எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதையை எட்டுமுன் கடலில் விழுந்தார். தனிமத்தின் கதையில் அவருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். விட்டுவிட எனக்கு மனமில்லை.

தூசியில் யாரும் அதுவரை பார்த்திராத புளுட்டோனியம்-244 இருந்தது. யுரேனியம்-238 ஆறு நியூட்ரான்களை விழுங்கினால்தான் அந்த எடை வரும். அணு உலையில் அது ஒவ்வொன்றாக, சாவகாசமாக விழுங்கும். நடுவிலேயே சிதைந்து வேறொன்றாகிவிடும். குண்டுக்குள் கிடைத்ததோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிதைய நேரமில்லாமல் விழுங்கித் தள்ளியிருக்கிறது.

பெர்க்லியில் ஆல்பர்ட் கியோர்சோ என்ற ஆய்வாளருக்குச் செய்தி எட்டியது. ஆறு விழுங்கியது இன்னும் அதிகமாக விழுங்கியிருக்காதா? அவர் இருந்த சீபோர்கின் ஆய்வுக்குழு வடிதாளில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கியது. ஸ்டான்லி தாம்ப்சன் அதைக் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசின் அடைத்த குழாயில் விட்டார். அதில் கனமான தனிமம் முந்திச் சொட்டும். அப்போது தெரிந்தவற்றில் கனமானது 98-வதான கலிபோர்னியம். அதற்கு முன்னால் ஒரு சொட்டு ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்தால் அது புது ஆள்.

உமிழ்ந்தது. ஆற்றல் 6.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அரை ஆயுள் சுமார் 20 நாள். பதினைந்து நியூட்ரான் விழுங்கி, ஏழு முறை பீட்டா சிதைவுற்று, யுரேனியம் 99-வது தனிமமாகியிருந்தது. முதலில் கைக்கு அகப்பட்டவை ஏறக்குறைய 200 அணுக்கள்! அடுத்த சில மாதங்களில், வெடிப்பின் தூசி படிந்த பவளப்பாறையை அள்ளிவந்து சலித்ததில் நூறாவதும் கிடைத்தது.

ஆனால் பிறந்த இடம் ராணுவ ரகசியம். ஸ்வீடன் குழு ஒன்று வேறு வழியில் நூறை நெருங்குவதைப் பார்த்து, 1954-ல் பெர்க்லிக்காரர்கள் அணு உலையில் அதே தனிமங்களை உண்டாக்கிக் கட்டுரை போட்டார்கள். வெளியிடாத பழைய ஆய்வு ஒன்று உண்டு என்று அதில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்.

ஐன்ஸ்டைனியம், ஃபெர்மியம் என்று பெயர் யோசித்தபோது ஐன்ஸ்டைன், ஃபெர்மி இருவருமே உயிரோடிருந்தார்கள். 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில், ஹோமி பாபா தலைமை வகித்த அமைதிக்கான அணுசக்தி மாநாட்டில் கியோர்சோ அறிவித்தபோது, ஃபெர்மி இறந்து ஒன்பது மாதம், ஐன்ஸ்டைன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.