காத்திருப்பின் விலை: தொழில்முறை கோல்ஃப் வாய்ப்பு பற்றிய ஓர் ஆய்வு

தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரராகும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு, பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கே விடையாகக் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டு யூ.எஸ். ஓப்பன் போட்டிக்கு 10,202 பேர் விண்ணப்பித்தனர். களத்தில் இடம் 156 பேருக்கு. ஆக, 65 பேருக்கு ஒருவர். இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் சறுக்குகிறது. ஏறத்தாழப் பாதி இடங்கள், முந்தைய வெற்றிகளாலும் தரவரிசையாலும் தகுதிச் சுற்றிலிருந்து விலக்குப் பெற்றவர்களுக்கு உரியவை. விண்ணப்பிக்கும் அமெச்சூர்களோ 0.4க்கு மிகாத ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் குறியீடு; குறையக் குறையச் சிறப்பு) உடையவர்களாக இருந்தாக வேண்டும். சாதாரண ஆட்டக்காரர் அனைவரும் வாசலுக்கு வருமுன்பே கழிக்கப்பட்டுவிடுகிறார்கள். திறமையும் பயிற்சியும் ஒருவரை அந்த வாசல்வரை கொண்டுவருகின்றன. அதற்கு அப்பால் அவருடைய வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது, தோல்வியைத் தாங்கிக்கொண்டு எத்தனை ஆண்டு முயல அவரால் இயலும் என்பதே. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

‘தொழில்முறை’ என்ற சொல்லை முதலில் வரையறுக்க வேண்டும். 1916இல் தோன்றிய அமெரிக்க பி.ஜி.ஏ. அமைப்பிலிருந்து போட்டி ஆட்டக்காரர்கள் 1968இல் தனியே பிரிந்தனர். அன்றுமுதல் கிளப்பில் கற்பித்து வாழ்பவரும் போட்டிப் பரிசில் வாழ்பவரும் அங்கே இரு வேறு தொழில்களைச் சேர்ந்தவர்கள். இங்கே பேசப்படுவது இரண்டாம் வகை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் தேறியவர் எல்லோருக்கும் உரிமம் கிடைக்கும். தனியே பிரிந்தவர்களின் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் அப்படி இல்லை; எத்தனை பேர் தேர்ச்சி பெற்றாலும் இடங்கள் கூடுவதில்லை. உண்மையில் அவை குறைந்திருக்கின்றன. பருவ முடிவில் முழு ஆட்ட உரிமையைத் தக்கவைப்போர் 125இலிருந்து 100 ஆகவும், இரண்டாம் நிலையான கோர்ன் ஃபெரி டூரிலிருந்து மேலேறுவோர் 30இலிருந்து 20 ஆகவும் சுருங்கினர். க்யூ-ஸ்கூல் எனப்படும் இறுதித் தகுதிப் போட்டி தருவது ஐந்தே இடங்கள்.

கடும் பயிற்சி இந்தத் தடையை உடைக்காதா என்பது முதல் மறுப்பு. வயலின் மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூல் வழியாக ‘பத்தாயிரம் மணி நேர’ விதியாகப் பரவியது. அதை நம்பி, 2010இல் புகைப்படக்காரர் டான் மெக்லாஃப்லின் வேலையை விட்டு கோல்ஃபில் இறங்கினார். முப்பது வயதில் ஏறத்தாழ முதற்படியிலிருந்து தொடங்கியவர் மூன்றுக்கும் குறைந்த ஹேண்டிகேப்பை எட்டியது பெரும் சாதனை. ஆனால் பத்தாயிரம் மணி நேரம் முடியுமுன்பே முதுகுவலி அவரை நிறுத்தியது. ஒருவருடைய கதை சான்றாகாது என்பது சரியே. ஆனால் மக்னமாராவும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் செய்த தொகுப்பாய்வும் அதே திசையைக் காட்டுகிறது: விளையாட்டுத் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சி விளக்குவது 18 விழுக்காடு, உச்சநிலை ஆட்டக்காரர்களுக்கு இடையே ஒரு விழுக்காடுதான். பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லோரும் செலுத்திவிட்ட நுழைவுக் கட்டணம் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

எஞ்சும் வேறுபாடு மிக மெல்லியது. எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டுவதில் டூர் ஆட்டக்காரர்களும் இரண்டுக்கு ஒருமுறைதான் வெல்கிறார்கள் என்று மார்க் பிராடியின் புள்ளிவிவர ஆய்வு காட்டுகிறது. அவர்களுடைய ஒரு சுற்று எண்ணிக்கையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.75 ஸ்ட்ரோக் (பந்தடி). இதை வைத்துக் கணக்கிட்டால், சுற்றுக்கு அரை ஸ்ட்ரோக் மேலான ஆட்டக்காரர்கூட, நான்கு சுற்றுப் போட்டியில் தன்னைவிடத் தாழ்ந்தவரிடம் பத்தில் நான்கு முறை பின்தங்குவார். ஆகவே ஒரு வாரத்துப் போட்டி திறமையைச் சரியாக அளந்துவிடாது. மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். 1995இல் தொழில்முறைக்கு வந்த அர்ஜுன் அட்வால், 2010 ஜூலையில் ஆட்ட உரிமையை இழந்தார். அடுத்த மாதமே திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றின் வழியே விண்டம் சாம்பியன்ஷிப்பில் நுழைந்து, பி.ஜி.ஏ. டூரில் வென்ற முதல் இந்தியரானார். பதினைந்து ஆண்டுகள் களத்தில் நின்றதால்தான் அந்த வாரம் அவருக்கு வாய்த்தது.

அப்படி நிற்பதற்குப் பணம் வேண்டும். வழக்கமான போட்டியில் வெற்றியாளருக்குப் பரிசுத்தொகையில் 18 விழுக்காடு. இரண்டு சுற்றுக்குப் பின் முதல் 65 இடங்களுக்குள் வராதவருக்குப் பரிசு கிடையாது. பயணம், தங்குமிடம், பை சுமக்கும் கேடியின் கூலி எல்லாம் ஆட்டக்காரர் தலையில். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுதோறும் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்று எனக் கொள்வோம். ஒரே ஆண்டு முயல முடிந்தவருக்கு வாய்ப்பு 10 விழுக்காடு; ஐந்து ஆண்டு முயல முடிந்தவருக்கு 41 விழுக்காடு. இருவர் திறமையும் ஒன்றே, மாறியது கையிருப்பு.

டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும் இந்தியன் ஓப்பனை வென்றாரே என்று கேட்கலாம். அவரது வெற்றி இவ்வாதத்தை மறுக்கவில்லை. ஒரு நிபந்தனையை வெளிக்கொணர்கிறது. பணம் இல்லாதவருக்கு மைதானம் திறந்திருந்தது. மற்றவர்கள் உறுப்பினர் கட்டணம் செலுத்திப் பெறும் புல்வெளியைக் கேடி வேலை அவருக்குத் தந்தது. அதே புல்வெளியில் பை சுமந்து, அடுத்த போட்டிக்குச் செல்ல வழியின்றி நின்றுவிட்டவர்களின் பெயர்களை வெற்றிப் பட்டியல் சொல்லாது.

பி.ஜி.ஏ. டூரே இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. முழு உரிமை பெற்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் வருவாயை உறுதிசெய்யும் திட்டத்தை அது 2022இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கை ஏற்கெனவே இடம் பிடித்தவரைத்தான் தாங்குகிறது, காத்திருப்பவரைத் தொடவில்லை. இளம் ஆட்டக்காரர்களை வளர்க்க விரும்பும் அமைப்புகள் பயிற்சி முகாம்களைப் பெருக்குவதோடு, முதல் சில ஆண்டுகளின் பயணச் செலவையும் ஏற்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை அதனால் கூடாது. ஆனால் அவற்றை அடைபவர் காத்திருக்க வசதி படைத்தவராக மட்டுமின்றி, ஆட்டத்தில் சிறந்தவராகவும் இருக்கும் சாத்தியம் கூடும்.