வெயிலும் பைக் ஜாக்கெட்டும்

1928-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட், பைக் ஓட்டுபவர்களுக்காக ஜிப் வைத்த தோல் ஜாக்கெட் ஒன்றைத் தயாரித்தார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரான 'பெர்ஃபெக்டோ'வையே அதற்கும் வைத்தார். விலை ஐந்தரை டாலர். கெட்டியான தோல் சாலையில் உரசினாலும் எளிதில் கிழியாது, குளிர்காற்றையும் தடுக்கும். ஆனால் கோடையில் உள்ளே வெந்துவிடும்.

இது சாதாரண அசௌகரியம் அல்ல. 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கைக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகள் நடந்த இடத்திலேயே ஆராயப்பட்டன. கனத்த ஜாக்கெட், பூட்ஸ், கையுறை ஆகியவை சிராய்ப்புக் காயங்களைக் குறைப்பது உறுதியானது. விபத்தில் சிக்கிய இளைஞர்கள் வெயில் நாட்களிலும், பக்கத்தில் போய்வரும்போதும்தான் ஹெல்மெட்டை அதிகம் தவிர்த்திருந்தனர். ஹெல்மெட்டுக்கே இந்தக் கதி என்றால் ஜாக்கெட்டைக் கேட்கவே வேண்டாம்!

இதற்கு விடையாக வந்தவைதான் காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட்டுகள். தோளிலும் முழங்கையிலும் வைக்கும் பேடுகளுக்கு 1997-இலேயே ஐரோப்பாவில் ஈஎன் 1621-1 என்ற தரம் வந்திருந்தது. 2020-இல் வந்த ஈஎன் 17092, உடை முழுவதையும் தரம் பிரித்தது. அதிகப் பாதுகாப்புக்கு ஏஏஏ, அடுத்து ஏஏ, அதற்கும் கீழே ஏ. வலைத்துணி ஜாக்கெட்டுகள் பல இந்த ஏ பிரிவில்தான் வருகின்றன. காற்றுக்காகக் கொஞ்சம் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

2018-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தொடங்கிய மோட்டோகேப் திட்டம், பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், வெப்பம் தாங்கும் வசதிக்கு ஒரு மதிப்பெண் எனத் தனித்தனியே வழங்குகிறது. கோடைக்கு ஜாக்கெட் வாங்குபவர் பார்க்க வேண்டியதும் இந்த இரண்டையும்தான். வெயிலுக்குப் பயந்து வீட்டு ஆணியில் தொங்கவிட்ட ஜாக்கெட், எவ்வளவு உயர்ந்த தரமானாலும் யாரையும் காப்பாற்றாது.